ஒரு மணி நேரம் பின்னால் வரும் சர்வர்

நசீமா அக்கா இறந்துவிட்ட செய்தியை அவருடைய தம்பி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, எல்லையோர ஊரான கெலாங் பாத்தாவில் எங்களுக்குக் காலை வேலை சூடுபிடித்திருந்தது. லாரிகளுக்கு எல்லை கடக்கும் பதிவு செய்து தரும் அலுவலகம் எங்களுடையது. அந்தப் பதிவுகளுக்காக அக்கா அமைத்த கணினிச் சர்வர்கள் அன்றும் ஒரு நொடி நிற்கவில்லை. நாங்கள்தான் அப்படியே நின்றுவிட்டோம்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த மூன்று சர்வர்களையும் தெரியும். முதலாவதில் எது நடந்தாலும் இரண்டாவது அந்த நொடியே நகலெடுத்துக்கொள்ளும். முதலாவது படுத்தால் வேலையை ஏற்றுக்கொள்ளும். மூன்றாவதை மட்டும் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்தங்கி வரும்படி அக்கா வைத்திருந்தார். ஆபீசில் அதற்குச் சோம்பேறி என்று பெயர்.

“ஏன்க்கா, இதுக்குச் சம்பளம் கொடுக்கணுமா?” என்று மேலாளர் லோகநாதன் கிண்டல் செய்வார். அதைக் கழற்றி வேறு வேலைக்குப் போடலாம் என்பது அவர் எண்ணம்.

“இருக்கட்டும்லா, சார். கரண்டு போனா ரெண்டாவது காப்பாத்தும். நம்ம கை தப்பு செஞ்சா? அதையும் சேர்த்துல்ல காப்பி பண்ணும்?”

அந்தக் கை என்னுடையதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. சிகாமட்டிலிருக்கும் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சோதனை சர்வரில் பழைய பதிவுகளை அழிப்பதாக நினைத்து, உண்மையான சர்வரில் அன்றைய பதிவுகள் அத்தனையையும் அழித்துவிட்டேன். சோதனைத் திரையும் உண்மைத் திரையும் ஒரே கறுப்பு நிறம். இரண்டாவது சர்வரும் அந்த நொடியே அழித்துக்கொண்டது.

யாரிடமும் சொல்லாமல் கழிப்பறையில் போய் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். வெளியே கவுண்டரில் டிரைவர்கள் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அக்காவின் மேசையருகே நின்று சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “எத்தனை மணிக்கு?”

“பத்து இருபதுக்கு.”

கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் இருபத்திரெண்டு நிமிஷம் இருக்கு. உக்காரு. அழறதுக்கு அப்புறம் டைம் தரேன்.”

பதினொன்று இருபதுக்கு என் தவறு அங்கே போய்ச் சேருவதற்குள் மூன்றாவது சர்வரை நிறுத்தினார். பத்துப் பத்தொன்பது வரை மட்டும் அதை முன்னே நகர்த்தி, அழிந்த பதிவுகளை எடுத்து முதலாவதில் திரும்ப ஏற்றினார். மதியத்துக்குள் லாரிகள் எல்லைப் பாலம் ஏறத் தொடங்கின.

மறுநாள் கூட்டத்தில் லோகநாதன், “யார் செஞ்சது?” என்றார்.

“ரெண்டு ஸ்கிரீனும் ஒரே கலர் சார். அதான் செஞ்சது. இனிமே உண்மையான சர்வர் ஸ்கிரீன் சிவப்பா இருக்கும்,” என்றார் அக்கா.

அதோடு முடிந்திருக்கும். ஏனோ நான் எழுந்து, “நான்தான் சார்,” என்றேன். அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அந்த மூன்றாவது இயந்திரத்தை யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். என் வேலை இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். “நான்தான் விஷயத்த மூடிட்டேனே, எதுக்கு எழுந்த? எழுந்ததுதான் எழுந்த, பத்து இருபதுக்கே எழுந்திருக்கக் கூடாதா தங்கச்சி?”

பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் குடும்பச் சாப்பாட்டுக் கடைக்கு அன்று என்னை அழைத்துப்போய், ஈரல் வறுவலை என் தட்டில் தள்ளிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகும் அவர் எழுதிய எந்தக் கோளாறு அறிக்கையிலும் ஆள் பெயரை நான் பார்த்ததில்லை. நேரம் இருக்கும், காரணம் இருக்கும்.

இன்று அந்த மூன்று சர்வர்களும் என் பொறுப்பில். போன மாதம் ஒரு சர்வரின் செட்டிங்கைத் தவறாக மாற்றிவிட்டேன். அறை முழுக்க ஆட்கள். எழுந்து நின்று சொன்னேன். தவறு நடந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நோயில் படுத்திருந்தவரை மருத்துவமனையில் பார்க்கப் போகும்போது அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அதற்கு முன்பே போய்விட்டார். இப்போது இங்கேயே சொல்கிறேன். மூன்று நிமிடம், அக்கா.