கலெக்டருக்கு எழுதிய கவிதை

பெரம்பலூரில் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. மனு அடிப்பேன், ஜெராக்ஸ் எடுப்பேன், சாதிச் சான்றிதழுக்கு ஆன்லைனில் போட்டுத் தருவேன். ஊரில் யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு என்பது வக்கீலுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இத்தனை பேருடைய குறைகளை அடித்துக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுதலாமே என்று ஒருநாள் தோன்றியது. வாடிக்கையாளர் ஒருவர் என்னை வாட்ஸ்அப்பில் ஓர் எழுத்தாளர் குழுவில் சேர்த்துவிட்டார்.

குழுவை நடத்தியவர் அரியலூர்க்காரர். சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு படம் போடுவார். குடம் தூக்கிய பெண், ஒற்றைப் பனை, மறையும் சூரியன். படத்துக்கு எல்லாரும் கவிதை எழுத வேண்டும். சாயங்காலம் ஒருவருக்குப் பட்டம் கொடுப்பார். குழுவில் பட்டம் இல்லாமல் இருந்தது நானும், நம்பர் மாறி உள்ளே வந்துவிட்ட ஒரு கேஸ் ஏஜென்சிக்காரரும்தான்.

எது போட்டாலும் 'அருமை' என்று பதில் வரும். நெருங்கியவர்களுக்கு 'மிக அருமை'. ஒரு தடவை ஓர் அம்மா தன் மாமனார் தவறிவிட்டார் என்று போட்டார். 'அருமை சகோதரி, தொடர்ந்து எழுதுங்கள்' என்றுதான் முதல் பதில் வந்தது. அவர் கைகூப்பும் படம் போட்டு நன்றி சொன்னார்.

என் முதல் கதையை நான் அங்கேதான் போட்டேன். மாமியார் கொடுமை தாங்காமல் ஒரு மருமகள் கிணற்றில் விழுந்து சாகும் கதை. அருமைகள் வந்து குவிந்தன. ஒருவர் கண்ணீர் விட்டதாகச் சொன்னார். கதை போட்ட அரை நிமிடத்தில் கண்ணீர் விட அவரால்தான் முடியும். நான் ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஓர் எண்ணிலிருந்து செய்தி வந்தது. "அக்கா, மொதல் பத்தியில கெணறு வத்திப் போய் வருசக்கணக்காச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதுல எப்படி மூழ்கினா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்டக்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவரிடம் காட்டினேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதை முழுவதையும் படித்தார். "தண்ணி இல்லன்னா காலுதான் ஒடிஞ்சிருக்கும்" என்றார். அன்று ராத்திரி அவருக்குப் பழைய சோறுதான்.

அதற்குள் அரியலூர்க்காரர் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு, இங்கே பூக்களை மட்டுமே தூவ வேண்டும், முட்களுக்கு இடமில்லை என்று அறிவித்திருந்தார். அந்தப் பூவுக்கும் நிறைய அருமைகள் விழுந்தன.

முள்ளைப் போட்டவரைத் தனியாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நானே செய்தி அனுப்பினேன். அவள் லப்பைக்குடிக்காட்டில் இருந்தாள். என்னைவிடச் சின்னவள். கணவர் துபாயில். ரொம்பத் தெரிந்த மாதிரி பேசுகிறாயே, நீ ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"எழுதுவேங்க்கா. போடமாட்டேன். போட்டா அருமைம்பாங்க. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

திட்டலாம் என்று போனவள், கிணற்றை எப்படிச் சரி செய்வது என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு காரியம் நடந்தது. டவுனுக்கு வெளியே ஒரு தெருவில் சாக்கடை தேங்கி நிற்கிறது என்று ஒருவர் கலெக்டருக்கு மனு அடிக்க வந்தார். அடித்தேன். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்ட வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் குழு திறந்திருந்ததைக் கவனிக்காமல் அங்கே ஒட்டி அனுப்பிவிட்டேன். வரிகள் வேறு துண்டு துண்டாக உடைந்து விழுந்திருந்தன.

எங்கள் தெருவில்
சாக்கடை நீர்
ஓராண்டாகத் தேங்கி நிற்கிறது.
பலமுறை முறையிட்டும்
நடவடிக்கை இல்லை.
ஐயா அவர்கள்
ஆவன செய்யுமாறு
பணிந்து வேண்டுகிறேன்.

உடனே கரண்டு போய்விட்டது. போனை எடுத்துப் பார்ப்பதற்குள் 'சாட்டையடி' என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரும் முயலாத புதிய வடிவம் என்று இன்னொருவர். அரியலூர்க்காரர் அந்த மாதத்தின் சிறந்த கவிதை அதுதான் என்று முடிவு கட்டி, ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பட்டமும் சால்வையும் உண்டு என்று அறிவித்தேவிட்டார். லப்பைக்குடிக்காட்டுக்காரியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. "அக்கா, இது மனுதான?"

மனு கொடுத்தவர் மறுநாள் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாலு பேரு படிச்சா நல்லதுதானம்மா. அதுல ஆபீசரு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். இருந்தார்கள், எல்லாருமே ஓய்வு பெற்றவர்கள்.

கூட்டம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களைவிட அதிகம். சிறப்பு விருந்தினர் ஒரு பேராசிரியர். என் கவிதையை அரைமணி நேரம் விளக்கினார். சாக்கடை என்பது சமூகம், தெரு என்பது நம் மனசாட்சி, 'ஐயா' என்பது பதில் சொல்லாத கடவுள் என்றார். எனக்கே ஒரு கணம் அப்படித்தானோ என்று இருந்தது.

மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். சால்வை தோளில் கனத்தது. "இது நெசமாவே ஒரு தெருவுல நிக்கிற தண்ணிங்க. நான் கவிதையா எழுதலை. ஒருத்தருக்கு மனுவா அடிச்சுக் கொடுத்தேன், தவறிப்போய்க் குழுவுல விழுந்திருச்சு" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. இப்படிப்பட்ட தன்னடக்கத்தைத் தான் எங்குமே கண்டதில்லை என்றார் பேராசிரியர். கடைசி வரிசையில் கறுப்புப் பர்தா போட்ட ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கிணற்றைப் பற்றிக் கேட்டவள் தான்தான் என்றாள். வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். "மாமியார்கிட்ட கல்யாணத்துக்குப் போறேன்னு சொன்னேங்க்கா. மண்டபத்துலதான நடக்குது" என்றாள். கை கழுவிவிட்டு வந்து, போனில் இருந்த தன் கதையைப் படிக்கக் கொடுத்தாள்.

கணவன் வளைகுடாவில் இருக்கிற ஒரு பெண்ணின் கதை. வாரா வாரம் போனில் பேசிப் பேசி இருவருக்கும் விஷயம் தீர்ந்துபோகிறது. 'வேற?' என்று அவன் கேட்கும்போது சொல்ல ஏதாவது வேண்டுமே என்று, பக்கத்து வீட்டு ஆடு தொலைந்துவிட்டதாக ஒரு பொய் சொல்கிறாள். அதிலிருந்து அவன் வாரா வாரம் ஆட்டைத்தான் விசாரிக்கிறான். ஆட்டுக்காக அவள் ஒரு திருடனை உண்டாக்குகிறாள், ஒரு பஞ்சாயத்தை உண்டாக்குகிறாள்.

படித்து முடித்ததும் 'அருமை' என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஆடு கடைசியில் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அங்கதான் நிக்கிது" என்றாள்.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் எழுதியதை ஒருவருக்கொருவர் மட்டும் அனுப்பிக்கொண்டோம். என் மருமகளைக் கிணற்றில் தள்ளாமல் பஸ் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றினேன், கதை பிழைத்தது. சாக்கடைக்காரர் மறுபடி வந்து இன்னொரு மனு அடித்துப் போனார். தண்ணீர் அப்படியேதான் இருக்கிறதாம். குழுவில் அந்தக் கவிதைக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டுக் கதையை நின்ற இடத்திலேயே முடித்து ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பு என்று நான்தான் விடாமல் நச்சரித்தேன். அது அச்சில் வந்ததும் யாரோ பக்கத்தைப் படம் எடுத்து அவள் கணவருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அவரு ராத்திரி போன் பண்ணினாருக்கா. எடுத்ததும், அப்ப ஆடு தொலையலையான்னு கேட்டாரு."

அது கதை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"வேற என்னென்ன பொய் சொன்னேன்னு கேட்டாரு. ஒண்ணொண்ணா எல்லாத்தையும் சொன்னேன். விடிஞ்சு அவருக்கு டூட்டிக்கு நேரமாயிருச்சு, அப்பவும் போனை வைக்கவே மாட்டேன்னுட்டாரு. இத்தனை வருசத்துல இவ்ளோ நேரம் நாங்க பேசினதே இல்லக்கா."

போன வாரம் அவள் புதுக்கதை ஒன்று அனுப்பியிருந்தாள். நடுவில் இரண்டு பக்கம் சும்மா ஓடுகிறது, எடுத்துவிடு என்று எழுதினேன். படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. இன்னும் பதில் இல்லை. கோபம்தான். நானும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது பக்கத்தையும் எடுக்கலாம் என்று எழுதிவிட்டேன்.