சின்னக் கட்டி என்று சொன்னேன்

உங்கள் அம்மாவுக்கு என்ன நோய் என்று பிள்ளைகள் நீங்கள் மூவரும் கேட்கும்போதெல்லாம் நெஞ்சுச்சளி என்றே சொல்லி வந்தேன். அது பொய். அவளுக்கு வந்தது டி.பி., காசநோய்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, "டியூபர்கிள்" என்றார். டியூபர்குளோசிஸ், அதாவது டி.பி. என்ற பெயரே அதிலிருந்துதான் வந்ததாம். ஒன்றரை வருஷம் ஊசியையும் மாத்திரையையும் விடக்கூடாது என்றார். எட்டாவது வரைக்குமே படித்த எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. லத்தீன் தெரிந்த மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் கேட்டேன்.

"டியூபர்னா புடைப்பு. இது அதுல குட்டி. சின்னக் கட்டின்னு அர்த்தம்ப்பா. பேருதான் சின்னது, ஊசியை விட்டுடாதே" என்றார்.

கிருமி புகுந்த இடத்தை உடம்பு சுற்றி வளைத்து அடைக்கப் பார்க்கிறது. அப்படித் திரளுவதுதான் அந்தக் கட்டி. உள்ளே கிருமி சாகாமல் காத்திருக்கும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் நாம் இருந்த வளவில் ஏழு குடித்தனத்துக்கு ஒரே குழாய். டி.பி. என்று தெரிந்தால் அன்றைக்கே நம் சாமான்கள் தெருவுக்கு வந்திருக்கும். அதனால் அம்மாவிடம்கூட நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லின் அர்த்தத்தை மட்டும் சொன்னேன்.

"நெஞ்சுல சின்னக் கட்டியாம்."

"அவ்வளவுதானுங்களா? உங்க மூஞ்சியப் பார்த்து எழவு உழுந்திருச்சோன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

நாலு மாதத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு நாள் காலையில், "ஏனுங்க, கட்டி கரைஞ்சு போச்சு. குத்திக் குத்திச் சல்லடையாட்டம் ஆயிட்டனுங்க. பக்கத்து ஊட்டுக்காரி வேற தெனமும் எங்க போறேன்னு கேக்கறா. இனிப் போகலீங்க" என்றாள்.

அப்போதாவது பெயரைச் சொல்லியிருக்கலாம். குழாயடியில் ஆட்கள் நின்றார்கள். "சரி" என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து மறுபடி ஊசி போட்டார்கள், மருந்து கேட்கவில்லை. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றார் டாக்டர். வார்டு வாசலில் 'காசநோய்ப் பிரிவு' என்றிருந்த பலகையை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஊசிய உட்டிருப்பனுங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள்தான் உயிரோடு இருந்தாள். வீட்டில் பிள்ளைகள் மூவரும் சாப்பிட்டிருப்பீர்களா என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.