வெயிலில் ஓடிய ஐஸ் ஆலை

சூரிய மின் நிறுவனம் வெளியிட்ட பளபளப்பான கையேட்டில் அவர் இப்படி அறிமுகமாகிறார்: "மின் உற்பத்தியாளர். நிறுவனத்தின் இணை உரிமையாளர். தூய ஆற்றலின் முன்னோடி." பக்கத்தில் ஒரு படம். தலைக்கவசம் போட்ட ஒரு பெண்மணி, வரிசை வரிசையான சூரியத் தகடுகளுக்கு நடுவே நின்று எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படத்தில் இருப்பவர் வேறு யாரோ. அசல் ஆள் அந்தத் தகடுகளைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஐஸ் ஆலை நடத்துகிறார்; தான் பக்கத்தில் இல்லாமல் குளிரூட்டும் கம்ப்ரசரை ஓடவிடமாட்டார். காலில் ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை ஈரம், எந்தப் பருவத்திலும் சில்லிட்டிருக்கும் விரல்கள். சந்தில் எல்லாருக்கும் அவர் ஐஸ் அக்கா.

"நான் கரண்ட் உற்பத்தி பண்றேனாம். வீட்டுல பல்பு மாத்தணும்னாலே ஆள் தேடுறவ நான்" என்பார்.

ஆனால் கையேடு சொல்வது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கோ ஒரு பொட்டல்காட்டில் விளையும் மின்சாரத்தை, மின்வாரியத்தைக் கேட்காமல் நேரடியாக வாங்கவேண்டுமென்றால், வாங்குகிறவருக்கு அந்தக் காட்டில் கொஞ்சமாவது பங்கு இருக்கவேண்டும். சட்டம் அப்படி. அதாவது, விற்பவராக இருந்தால்தான் வாங்கவே முடியும். இதற்குமுன் இந்த மாதிரி பேச்செல்லாம் சாமியார்களிடம்தான் கிடைக்கும். அக்காவும், ரொட்டிக்காரரும், சலவை ஆலைக்காரரும், இன்னும் சில சிறு ஆலைக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கி உற்பத்தியாளர்கள் ஆனார்கள்.

அவர்களை அப்படி ஆக்கியவர் அக்காவின் தம்பி. சிறுதொழில் சங்கத்தின் செயலாளர். பேச ஆரம்பித்தால் கேட்பவர் தலையாட்டும்வரை விடமாட்டார். அந்தப் பதவிக்கு அவர் நின்றபோது ஒவ்வொரு ஆலை வாசலிலும் போய் நின்றவர் அக்கா. "நம்ம பையன். வாய்தான் கொஞ்சம் நீளம், கை சுத்தம்" என்று அவர் சொன்ன ஒரே வார்த்தைக்காகத்தான் ஓட்டு விழுந்தது.

பங்கு வந்ததும் கூட்டம் வந்தது. கூட்டம் எப்போதும் வேலை நாளில், காலையில். "கம்ப்ரசரை நிறுத்திட்டு நீ எங்கக்கா வரப்போற? எனக்கு ஒரு அனுமதி எழுதிக் குடு, உனக்குப் பதிலா நான் ஓட்டு போட்டுடறேன்" என்றார் தம்பி. அக்கா எழுதிக்கொடுத்தார். அக்காவே கொடுத்துவிட்டார் என்று மற்றவர்களும் கொடுத்தார்கள். ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்காரப் போகிறவன் அந்தச் சந்தில் பிறக்கவேயில்லை.

அதுவரை ஐஸ் ஆலை ராத்திரி ஆலை. ராத்திரி மின்சாரம் மலிவு. சூரியன் வந்தபின் எல்லாம் தலைகீழ். தண்ணீர் நிரப்பிய டின்களை இறக்கிவைக்கும் பெரிய உப்புநீர்த் தொட்டியைப் பகல் முழுக்கக் குளிரவைத்து, மாலையில் பலகைகளை மூடிவிட்டால், விடியும்வரை அந்தக் குளிரே டின்களை உறையவைத்துவிடும். வெயில் கொளுத்தக் கொளுத்த ஐஸ் திடமாக இறுகியது. மீன் வியாபாரிகள் சிரித்தார்கள். ஆலையில் இருந்தவர்கள் தூங்கினார்கள், வீட்டில், அவரவர் படுக்கையில்.

"முதல் வாரம் எங்க வீட்டு நாய் என்னைப் பாத்துக் குலைச்சுதுக்கா. திருடன்னு நினைச்சிருக்கு" என்றார் ஆலை மேஸ்திரி. அவர் மனைவியும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தாராம்.

அக்காவும் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக இருட்டியபின் வீட்டில் இருந்தார். மகளுடன் உட்கார்ந்து சாப்பிட்டார். இதற்காக அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தம்பியை மட்டும், பார்க்கிறவர்களிடமெல்லாம், புகழ்ந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் சூரிய மின் நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் நன்றி சொன்னார்.

"உங்க பெருந்தன்மைக்கு ரொம்ப நன்றி மேடம்."

"என்ன பெருந்தன்மை?"

"ஒப்பந்தத்தை முடிச்சுக்க சம்மதிச்சீங்களே. ஒரு பெரிய கம்ப்யூட்டர் மையம் நம்ம மின்சாரம் மொத்தத்தையும் எடுத்துக்குது. வியாழக்கிழமை கூட்டத்துல முறைப்படி முடிவாயிடும். உங்க எல்லாருக்கும் சேத்துத் தம்பி ஓட்டு போடறார்."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினார். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"நானே கூட்டத்துக்கு வந்தா?"

"நீங்களே வந்தா அந்த அனுமதி செல்லாது மேடம். ஆனா..." அதிகாரி உண்மையாகவே குழம்பினார். "யாரும் வர்றதில்லையே."

சங்க அலுவலகத்தில் தம்பியின் அறை ஐஸ் ஆலையைவிடக் குளிராக இருந்தது.

"உக்காருக்கா."

"உக்கார வரல. எங்க கரண்டை யாருக்குடா குடுக்கற?"

"நான் எங்க குடுக்கறேன்? நாம விட்டுக்குடுக்கறோம்."

"யாரு நாம?"

"நீங்க எல்லாரும். உங்க சார்பா நான். அவன் பெரிய ஆளுக்கா, அவன் முன்னாடி நாம கொசு."

"கொசுன்னு தெரிஞ்சுதானே பங்கு வாங்க வெச்ச? சரி, உனக்கு என்ன?"

தம்பி மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "அவங்ககிட்ட ஆலோசகர்னு ஒரு பொறுப்பு. அது தனி. அதையும் இதையும் முடிச்சுப் போடாத. கம்ப்ரசர் பழையபடி ராத்திரி ஓடிட்டுப் போகுது, அதுல உனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"அதனால?"

"அதனாலதான் கேக்கல."

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். படையைத் தம்பியே கூட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வதென்று சொன்னவர் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

அக்கா மறுபடி வாசல் வாசலாகப் போனார். ரொட்டிக்காரர் மாவுக் கையோடு வந்தார். "காலைல அடுப்பை அணைச்சிட்டு வரச் சொல்றியா? அது திரும்பச் சூடேறதுக்குள்ள என் வியாபாரம் ஆறிடும். உன் தம்பிதானே, ரெண்டு தட்டு தட்டிச் சொல்லேன்." சலவை ஆலைக்காரர் கொஞ்சம் நேராகப் பேசினார்: "நாங்க அவனை நம்பியா எழுதிக் குடுத்தோம்? உன்னை நம்பிக் குடுத்தோம்." தன்னை ஏமாற்றியவனுக்கு ஜாமீன் நின்றவரும் தான்தான் என்பது அங்கே நின்றபோதுதான் அக்காவுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை நல்ல வெயில்.

"இப்ப நிறுத்தினா டின்னுக்குள்ள பாதிதான் உறையும்க்கா. நடுவுல தண்ணி நிக்கும். நாளைக்குச் சந்தைல கிழிப்பாங்க" என்றார் மேஸ்திரி.

"கிழிக்கட்டும். நிறுத்து."

கூட்ட அறையில் பஞ்சு நாற்காலிகள். பெரும்பாலும் காலி. முன்வரிசையில் தம்பி, மடியில் மற்றவர்களின் அனுமதிக் கட்டு. ரப்பர் பூட்ஸ் தரையில் சப்தமிட அக்கா வந்து, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்கள் வீட்டு விசேஷங்களில் உட்காருவதும் அப்படித்தான்.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஆதரிப்பவர்கள் என்றதும் தம்பி கட்டோடு கையைத் தூக்கினார். ரொட்டிக்காரர், சலவை ஆலைக்காரர், எல்லாரும் அந்தக் கையில் இருந்தார்கள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று தலைவர் வழக்கத்துக்காகக் கேட்டார். அக்கா கையைத் தூக்கினார். தலைவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் சந்தையில் பாளம் பாளமாக ஐஸ் உடைந்து நடுத்தண்ணீர் வழிந்தது. "என்னக்கா, உன் ஐஸும் உள்ளுக்குள்ள பொத்தலா?" என்று ஒரு வியாபாரி கேட்டார். அடுத்த மாதம் ஆலை ராத்திரிக்குத் திரும்பியது. மேஸ்திரி வீட்டு நாய்க்கு இனி குழப்பமில்லை.

சொந்தக்காரர்களிடம் தம்பி மனைவி சொன்ன கதை வேறு: நாலு பேர் முன்னால் கூடப்பிறந்தவனை அக்கா காட்டிக்கொடுத்துவிட்டார். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பினார்கள். அக்கா மறுக்கவில்லை. சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. சந்தில் சிலர் அவரைப் போராளி என்கிறார்கள், சிலர் பிடிவாதக்காரி என்கிறார்கள்.

அவர் செய்தது இவ்வளவுதான். வேலை நாளில், ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, ஒரு கூட்டத்துக்குப் போய், தம்பிக்கு எதிராகக் கை தூக்கினார். தோற்றார். திரும்பி வந்து கம்ப்ரசரைப் போட்டார்.