மௌன விரதக்காரர் எடுத்த போன்

பீப், பீப், பீப். லிஃப்ட் கதவோ, ரிவர்ஸ் எடுக்கும் வண்டியோ, எது மூன்று முறை கத்தினாலும் நான் அந்தப் பௌர்ணமி மதியத்துக்குப் போய்விடுகிறேன். செங்கம் ரோட்டில் அக்கா வீடு. வெளியே கிரிவலக் கூட்டத்தின் வெறுங்கால் ஓசை. உள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் முன்னால் கைகட்டி நின்ற நாங்கள்.

அக்காவுக்குக் கண்ணில் புரை. வலது கண்ணில் உலகம் மோராகக் கலங்கிவிட்டது. மறுநாள் காலை சென்னையில் ஆபரேஷன். இதற்கு முன் இரண்டு தேதிகளைத் தவறவிட்டிருந்தாள். ஒரு தடவை பூட்டை உடைத்துத் திருடன் வந்ததிலிருந்து வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட நகர்ந்ததில்லை. "வீடு தானா யாருக்காச்சும் தகவல் சொல்லணும்டா. அப்பதான் வருவேன்" என்றாள். அலாரம் இருந்தது, ஆனால் தெருவைப் பார்த்துக் கத்தத்தான் தெரியும். சென்னையில் உள்ள கண்காணிப்பு அலுவலகத்துக்கு அது சேதி அனுப்பத்தான் இந்தப் பெட்டி. மாட்ட போளூரிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். மூன்று மணிக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குள் கிளம்பாவிட்டால் இந்தத் தேதியும் போச்சு.

பெட்டியில் சிம் போட்டார். காலையில் நாலு கோடு காட்டிய சிக்னல், கூட்டம் ஏற ஏற இறங்கி, பதினொரு மணிக்குச் செத்தே போனது.

"மலைய சுத்தறவங்க அத்தனை பேரும் செல்ஃபி அனுப்பறாங்க. நம்ம பொட்டிக்கு எங்கங்க எடம்?" என்றார் மெக்கானிக். "நெட் கனெக்சன் இருக்குதா?"

இருந்தது, மாடி அறையில். அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர் நாற்பது நாள் மௌன விரதத்தில் ஒன்பதாம் நாளில் இருந்தார். பல வருஷமாக வந்து போகிறவர், தமிழ் நன்றாகவே புரியும். ஆனால் விரதம் என்றால் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. நெட் பெட்டிக்கு முதுகைக் காட்டிக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அவர் பின்னால் தவழ்ந்து போய், "சாமி, கொஞ்சம் கை" என்றார். சாமி கண் திறக்காமலே கையைத் தூக்கினார். ஒயர் அவருடைய அக்குள் வழியாக ஜன்னலைத் தாண்டிக் கீழே இறங்கியது.

சுவர்ப் பெட்டியில் மாட்டியும் அதன் பச்சை விளக்கு எரியவில்லை. மெக்கானிக் ஒயர் முனையை வெட்டினார், மறுபடி பொருத்தினார், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். முக்கால் மணி நேரம். கடைசியில் பெட்டிக்கு முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, பொட்டு வெச்சீங்களா?"

"புதுப் பொருளாச்சே, வெக்காம?"

அக்காவின் மங்கிய கண் கச்சிதமாக அந்த விளக்கின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. துடைத்தார். அடியில் விளக்கு எப்போதிலிருந்தோ எரிந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் நிஜமான சிக்கல். அலாரம் அடித்தால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் வரும். யாராவது எடுத்துத் திருடனா, வெறும் குரங்கா என்று சொல்ல வேண்டும். இன்றைக்குச் செல்போன் எதுவும் அடிக்காது. அடிக்கக்கூடியது நெட்டோடு சேர்த்துக் கொடுத்த போன் ஒன்றுதான். அது மௌன விரதக்காரரின் முழங்கால் பக்கத்தில் இருந்தது.

அக்கா சுவரைத் தடவிக்கொண்டே மாடியேறினாள். "தம்பி, நீங்க பேசவே வேணாம். டம்ளர்ல தட்டுங்க, போதும். திருடன்னா ஒண்ணு, குரங்குன்னா ரெண்டு."

அவர் கண் திறந்தார். பக்கத்தில் இருந்த பித்தளை டம்ளரை வெகுநேரம் பார்த்தார். ஒரு மதம் தன் சட்டத்தைத் திருத்திக்கொள்வதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். தலையாட்டினார்.

மெக்கானிக் அந்தப் போனிலேயே அலுவலகத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "கஸ்டமர் வாயால சொல்லணும் சார், ரூல்ஸ்."

அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏம்மா, வாய் இருக்கறவங்கள்லாம் மலை சுத்தப் போயிட்டாங்க. இருக்கறது இவரு ஒருத்தருதான். உனக்குக் காது இருக்குதில்ல?"

சென்னையில் ஒரு காகிதம் புரண்டது. பிறகு, "சரி, எழுதிக்கறேன் மேடம். பூனைன்னா?"

"அதையும் குரங்குலயே போட்டுக்க."

சோதனைக்காகப் பின்கதவைத் திறந்தோம். சைரன் அலறியது. பெட்டி மூன்று முறை பீப் என்றது. சேதி போய்விட்டதாம். சைரனை அணைத்துவிட்டு மாடிப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். போன் அடித்தது. எடுத்தார். டிங், டிங்.

"தேங்க்ஸ் சார். குரங்குன்னு போட்டுக்கறேன்."

அக்கா பையைத் தூக்கினாள். மணி இரண்டே முக்கால். ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. மௌன விரதக்காரர் கேட் வரைக்கும் வந்து கைகூப்பி நின்றார். ஆட்டோவில் ஏறிய அக்கா தலையை வெளியே நீட்டி, நல்ல கண்ணால் அவரை ஒரு முறை அளந்தாள்.

"தம்பி, நெஜமாவே திருடன் வந்துட்டான்னா டம்ளரத் தேடிக்கினு நிக்காதீங்க. வாயத் தொறந்து கத்திடுங்க. வெரதத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்."