லென்ஸில் இல்லாத பூஞ்சை

மங்கலான கல்யாண மண்டபத்திலும் தூரத்திலிருந்து தெளிவாகப் படமெடுக்க 2.8 டெலி ஜூம் லென்ஸ் வேண்டியிருந்தது. புதிது வாங்க வசதியில்லை. பார்வை மங்கித் தொழிலை விட்ட களியக்காவிளை போட்டோகிராபர் ஒருவர் தன்னுடையதை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். லென்ஸ் பளிங்குபோல் இருந்தது. விலையைக் குறைக்க நினைத்து, "உள்ள பூஞ்சை பிடிச்சிருக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மழைக்கும் ஈரம் ஏறாம அரிசி டின்னுக்குள்ளதானே மக்கா வச்சிருந்தேன். எனக்குக் கண்ணு தெரியல்ல. நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்."

நான் கேட்டதைவிடவும் குறைத்தே தந்தார்.

அந்த லென்ஸ்தான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. மழைக்காலத்தில் நானும் அதை அரிசிக்குள்தான் வைக்கிறேன். போய் உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. தான் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால்தான் அது கெட்டுப்போனது என்று அவர் இப்போதும் நினைத்துக்கொண்டிருப்பார்.