மூன்றாவது வட்டம்

நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. தெருவில் பூகம்பக்காரர் என்றால்தான் தெரியும். "என்ன, இன்னைக்கு பூமி சும்மா இருக்கா?" என்று மளிகைக்கடைக்காரர் வம்புக்கு இழுப்பார். "நேத்து லேசா ஒரு கொட்டாவி விட்டுச்சு, அவ்வளவுதான்" என்பார் இவர்.

அன்று காலை பத்தேகால் இருக்கும். உருளையில் சுற்றிய காகிதத்தின் மேல் முள் துடித்தது. சற்றுப் பொறுத்து அதைவிடப் பலமாகத் துள்ளியது. நிலம் நடுங்கினால் வேகமான அலை ஒன்று முந்திக்கொண்டு வரும். மெதுவான அலை பின்னால் வரும். நடுங்கிய இடம் தள்ளிப் போகப் போக, இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் கூடும். அளந்து பார்த்தார். நாற்பது விநாடி. அப்படியென்றால் ஏறக்குறைய முந்நூற்று இருபது கிலோமீட்டர்.

தூரம் தெரிந்தது. எந்தத் திசை என்று தெரியவில்லை. வரைபடத்தில் காம்பஸை ஊன்றி வட்டம் போட்டார். கோடு பாதி கடலுக்குள் ஓடியது. மீதியில், அவருடைய ஒரே மகள் வாழ்க்கைப்பட்ட மலையூரைத் தொட்டுக்கொண்டு போனது.

மகளுக்கு போன் போட்டார். மணியே அடிக்கவில்லை.

வடக்கு நிலையத்துக்காரர் கூப்பிட்டுத் தன் தூரத்தைச் சொன்னார். இரண்டாவது வட்டம், முதல் வட்டத்தை இரண்டே இடத்தில் வெட்டியது. ஒன்று நடுக்கடல். இன்னொன்று மலையூர்.

"கடலாப் போகட்டும்" என்று வாய்விட்டே சொன்னார்.

மறுபடி போன். மேற்கு நிலையம்.

"நூத்தித் தொண்ணூறு, சார். குறிச்சுக்கிட்டீங்களா?"

மூன்றாவது வட்டம் கடல் பக்கமே போகவில்லை.

மீட்புப் படைக்கு இடத்தைச் சொல்லி, அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மகள் பள்ளிக்கூட டீச்சர். காய்ச்சல் என்று அன்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தாள். மூன்றாம் நாள்தான் இடிபாட்டுக்குள்ளிருந்து உடலை எடுத்தார்கள்.

"ஊருக்கே முன்னாடி உங்களுக்குத்தானே தெரிஞ்சது? பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அதன்பின் ஏழு மாதம் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவளே நிலையத்துக்கு வந்து நின்றாள்.

"அந்தக் காகிதத்தைக் காட்டுங்க."

அலமாரியிலிருந்து எடுத்து விரித்தார். முதல் துடிப்பின் மேல் விரலை வைத்தார்.

"அங்கேருந்து அலை இங்க வந்து சேர முக்கால் நிமிஷம் ஆச்சு. அங்க ஆட்டமே பதினெட்டு விநாடிதான்."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த முள்ளு அசையறதுக்கு முன்னாடியே..."

"ஆமா. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! நான் என்னென்ன பேசிட்டேன் உங்களை!"

"உனக்கு யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. பூமியையா திட்டுவ? என்னையே திட்டட்டும்னு விட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஏழு மாதமாக அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீடு போனார்கள். வழியெல்லாம் அவள் மகளைப் பற்றியே பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.