பாலத்தைத் தாண்டாத ரயில்

எங்கள் ஊருக்கு இலகு ரயில் வரப்போகிறது என்றார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அது சத்திரம் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிட்டது. காவிரிக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், மனுஷர்களே இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் தில்லை நகரில் டயாலிசிஸ். காலை பத்து மணிக்குப் படுக்கை கிடைக்கும், நாலு மணி நேரம் மிஷின் ஓடவேண்டும், இரண்டு மணிக்கு அடுத்த நோயாளி வந்து நிற்பார். பாலத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாகப் போனால் அவளுடைய நேரத்தில்தான் குறையும். முன்னாலேயே கிளம்பிப் போய் உட்காரலாம் என்றால், அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்காது. நிற்க அவளால் முடியாது.

அதனால்தான் ரயிலைப் பாலம் தாண்டிக் கொண்டு வரச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். அதில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரயில் எல்லோருக்கும் வேண்டும், அதைத் தாங்கும் தூண் மட்டும் அடுத்த தெருவில் இருக்கவேண்டும். ஒருவர் என் காபியைக் குடித்துக்கொண்டே, "தேர் எப்படிங்க திரும்பும்?" என்று அரை மணி நேரம் கேட்டார். ரயில் தேரோடும் வீதிக்குள் வரப்போவதே இல்லை. சொன்னால் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஒருவழியாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி, தென்னூரில் ஒரு மண்டபம். அங்கே பேசுவது அறிக்கையில் ஏறும் என்றார்கள். எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் போவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கே வேன் வாசலில் நின்றது.

தெருச் சங்கத் தலைவர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், வேனில் ஏறவில்லை. "ஸ்வாமி, நல்ல காரியத்துக்குப் புறப்படறோம். ஒன்பது மணி வரைக்கும் ராகு காலம். கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ" என்றார். மற்ற மூவரும் உடனே தலையாட்டினார்கள்.

நான் முப்பது வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்தவன். எத்தனையோ ராகு காலத்தில் பச்சைக் கொடி காட்டி வண்டியை அனுப்பியிருக்கிறேன், எல்லாம் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. அதைச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவரை எதிர்த்துப் பேசுவானேன் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

ஒன்பது அடித்ததும் கிளம்பினோம். ஊரே அப்போதுதான் கிளம்பியது. மாம்பழச் சாலையிலேயே வண்டி நின்றுவிட்டது. பிறகு பாலத்தின் மேல் நின்றது. முன்னால் காலேஜ் பஸ், பக்கத்தில் ஆட்டோ, இடுக்கிலெல்லாம் பைக். வாத்தியார் கண்ணை மூடி ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அரை மணியிலேயே கூட்டம் முடிந்து, மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து யாரும் வரலைன்னு எழுதிட்டோம் சார்."

"பாலத்துல டிராஃபிக்குங்க."

"அதைத்தான் சார் இங்க வந்து சொல்லியிருக்கணும்" என்றார், மரியாதையாகத்தான். மனுவை வாங்கிக்கொண்டார். கூட்டக் குறிப்பை இனித் திருத்த முடியாதாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, என் மனைவிக்கு டயாலிசிஸ் நாள். மறுபடியும் அதே பாலம், அதே நெரிசல். பத்தே முக்காலுக்குத்தான் அவளைப் படுக்கவைத்தார்கள். சரியாக இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, "அடுத்தவங்க காத்திருக்காங்கம்மா" என்று மிஷினை நிறுத்தினார். வெளியே வந்து அவளுக்குச் செருப்பைப் போட்டுவிடப் பார்த்தேன். கால் வீக்கம் வடியாமல் வார் ஏறவில்லை.

"நேத்து கூட்டத்துல பேசினீங்களா, இல்லையா? ஒண்ணுமே சொல்லலையே" என்றாள் அவள்.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ராகு காலம்னு காத்திருந்தோம்" என்றேன்.